வெயிலில் வைத்த போன்

கேளம்பாக்கத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் காண்ட்ராக்டில் வந்த டெஸ்டர் அவர். நரைத்த பின்னல், கழுத்தில் ஒன்று தலையில் ஒன்றாக இரண்டு கண்ணாடிகள். செல்போன் பிரவுசரில் ஒரு பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று பார்ப்பது வேலை. ஏசி அறையில் அடுக்கியிருக்கும் போன்களில் ஸ்கிரிப்ட் என்ற சோதனை நிரல் தானாகவே அதைப் பார்த்துவிடும். இவரோ ஒரு பழைய போனை ஜன்னல் வெயிலில் கால் மணி நேரம் காயவைத்து, அதிலும் திறந்து, உதடசைத்து நொடிகளை எண்ணுவார்.

ரத்தம் கொடுப்பவர்களைத் தேடும் பக்கம் ஒன்றை நான் எழுதியிருந்தேன். ஸ்கிரிப்ட் இரண்டு நொடி என்றது. அவர் 'ஃபெயில்' போட்டார். எனக்கு எரிச்சல்.

"போன் சூடானா ஸ்லோ ஆகத்தான் செய்யும் மேடம். அது என் தப்பா?"

"உங்க தப்பு இல்ல சார். ஆனா ரத்தம் தேடறவங்க ஏசி ரூம்லயா நிப்பாங்க?"

ஏசி அறைக் கணக்கையே மேலதிகாரிகளிடம் காட்டிப் பக்கத்தை வெளியிட்டுவிட்டேன். அவர் காண்ட்ராக்ட் முடிந்ததும் போய்விட்டார்.

இந்த மே மாதம், தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை வாசலில், மனைவியின் தம்பிக்கு ரத்தம் தேடி அதே பக்கத்தைத் திறந்தேன். போன் கையைச் சுட்டது. திரை வெள்ளையாகவே நின்றது. உதடு தானாக எண்ணத் தொடங்கியிருந்தது. பதினேழு வரை வந்துவிட்டேன்.