ஹுமேராவின் முப்பத்தேழு ஹெட்டுகள்

ஹுமேராவுக்கு ஸ்பானிஷ் மேல் காதல் எதுவும் இருந்ததில்லை. கல்லூரியில் பிரெஞ்சு வகுப்பு நிறைந்துவிட்டது. ஸ்பானிஷ் வகுப்பில் நான்கே பேர், ஃபேன் வேறு நன்றாகச் சுற்றியது. சேர்ந்துவிட்டார். இதைப் பேச எந்த ஊருக்குப் போகப் போகிறாய் என்று கோவை கோட்டைமேட்டில் வீட்டார் கேட்டார்கள். அவர் எந்த ஊருக்கும் போகவில்லை. பீளமேட்டில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்தபடி ஆறு வருடம் மெக்சிகோக்காரர்களிடம் திட்டு வாங்கினார். அதில் பாஷை நன்றாகவே படிந்துவிட்டது. பிறகு வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கினார். மிக்ஸி, தையல் மெஷின், மருந்துப் பெட்டி என்று எத்தனையோ சாமான்களுக்குக் கையேடும் குறிப்பும் எழுதினார். எதிலும் அவர் பெயர் இல்லை.

நான் கிருபாசங்கர். காட்டூரில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிறவன். பொன்னாத்தாள் பம்ப்ஸ் முதலாளி சென்னகிருஷ்ணன் முதல் தடவையாகப் பெரு நாட்டுக்குப் பம்பு அனுப்பக் கிளம்பியபோது, கையேட்டை ஸ்பானிஷில் எழுத ஹுமேராவை அழைத்து வந்தது நான்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தில் தன் பெயர் அச்சாக வேண்டும்.

"போட்றலாமுங்க அம்மணி, அதுக்கென்னுங்க" என்றார் முதலாளி.

ஹுமேராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாமானைத் தொட்டுப் பார்க்காமல் அதன் பெயரை எழுத மாட்டார். ஆங்கிலக் கையேட்டில் 'ஹெட்' என்ற வார்த்தை முப்பத்தேழு இடத்தில் இருந்தது. முதலாளியிடம் கேட்டால், "ஹெட்டுனா ஹெட்டுதானுங்களே" என்று முடித்துவிட்டார். ஹுமேரா விடவில்லை. கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறி, கம்பெனி ஷெட்டில் இரண்டு நாள் ஃபிட்டர்களின் உயிரை வாங்கினார். பம்பு எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுமோ அதுவும் ஹெட். பம்பின் உச்சியில் உட்காரும் இரும்பு வார்ப்பும் ஹெட். போல்ட்டின் கொண்டையும் ஹெட். போதாததற்கு ஹெட் ஆபீஸ் வேறு. ஸ்பானிஷில் இதற்கெல்லாம் தனித்தனி வார்த்தை. உயரத்துக்கு அல்தூரா, வார்ப்புக்கு கபேசால், கொண்டைக்கு கபேசா, ஆபீசுக்கு இன்னொன்று. முப்பத்தேழையும் கிரீஸ் கையோடு பிரித்து எழுதி எனக்கு அனுப்பினார்.

இனி என் லட்சணம். மூன்று வருடம் முன்பு இதே கம்பெனியின் தமிழ்க் கையேட்டில் ஒரு பக்கம் 'வால்வு' என்றும் மறுபக்கம் 'அடைப்பான்' என்றும் விட்டுவிட்டேன். "ஒரு சாமானுக்கு ஒரு பேருதானுங்க" என்று முதலாளி என்னை ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பேசினார். அந்தப் பயத்தில், இடப்பக்கம் ஆங்கிலத்தில் ஒரே ஹெட், வலப்பக்கம் ஸ்பானிஷில் நாலு தினுசு என்று கண்டதும் எனக்குப் புத்தி பிரகாசமாக வேலை செய்தது. எல்லாவற்றையும் கபேசா ஆக்கிவிட்டேன். கபேசா என்றால் நம் கழுத்துக்கு மேலே இருக்கிறதே, அதுவும்தான். ஹுமேராவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

அச்சான முதல் பிரதியை முதலாளி வழக்கப்படி வெள்ளகோவில் பக்கம் இருக்கும் தன் குலதெய்வத்திடம் கொண்டுபோய், அட்டையில் சந்தனமும் குங்குமமும் வைத்து எடுத்து வந்தார். மீதிக் கட்டுகளை எடுத்துப்போக அச்சகத்துக்கு வந்தபோது ஹுமேராவும் வந்தார். ஆசையாக ஒரு பிரதியைப் பிரித்தவர் மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"உள்ள சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு, அச்சில் இருந்ததை அப்படியே தமிழில் வாசித்தார். "இந்தப் பம்பு நூத்திருவது மீட்டர் தலை தரும். தலையை நாலு போல்ட் போட்டு இறுக்கோணும். புகார் இருந்தா கோயமுத்தூர் தலைக்கு எழுதவும்."

பைண்டிங் செய்கிறவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"சாமிகிட்ட வெச்சு எடுத்தாச்சுங்களே அம்மணி. சந்தனம் வெச்சதை எடைக்குப் போடறதுங்களா?"

ஹுமேரா அந்தப் பிரதியை மூடி மேசையில் வைத்தார். "சந்தனம் அட்டையிலதானுங்க இருக்குது. அட்டையில ஒரு தப்பும் இல்லீங்க. ஸ்டேப்ளர் பின்னைப் பிரிச்சு உள்பக்கத்தை மட்டும் மாத்திக்கலாமுங்க. சாமிக்கு ஸ்பானிஷ் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருக்குமுங்க."

முதலாளியால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "செரி, மாத்திப்போடுங்க. ஆனா தப்புப் பண்ணுனவங்க பேரு என் புஸ்தகத்துல வேண்டாமுங்க. அதையும் எடுத்துருங்க."

ஹுமேராவின் கை போன் பக்கம் போனது. எனக்கு அனுப்பிய ஃபைல் அதில்தான் இருக்கிறது. காட்டினால் என் கதை முடிந்தது. அவர் அதை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மேசையில் இருந்த பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, முதன்முதலாக அச்சில் வந்த தன் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என்னை அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நான்தானுங்க மாத்துனது" என்றேன். "அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தார். "எடுக்கலாம்னா உங்க பேரு எங்கீங்க இருக்குது?"

"எங்கயும் இல்லீங்க."

"நல்ல வசதிங்க உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் புதிய உள்பக்கங்களின் புரூஃபை ஹுமேராவே ஒவ்வொரு ஹெட்டாக விரல் வைத்துப் பார்த்தார். முப்பத்தேழும் சரி. கடைசிப் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே பேனாவால் ஸ்பானிஷில் ஒரு வரி சேர்த்து என்னிடம் நீட்டினார். அதில் என் பெயரும் இருந்தது. என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பக்க வடிவமைப்பு, கிருபாசங்கர்."

"என் பேரு எதுக்குங்க?"

"அடுத்த தடவை எடுக்கறதுக்கு ஒரு பேரு வேணுமில்லீங்களாண்ணா."