லாயிட்ஸ் ரோட்டுக்கு ஒரு பொட்டலம் மண்

இதைப் பயணக் கட்டுரை என்று சொன்னால் சிலர் சிரிப்பீர்கள். மொத்தமே பதின்மூன்று கிலோமீட்டர்தான். மந்தைவெளியில் கிளம்பி தி.நகர், அங்கிருந்து லாயிட்ஸ் ரோடு, பிறகு மயிலாப்பூர் வழியாகத் திரும்பவும் வீடு. காலை ஏழரைக்குக் கிளம்பியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் காசிக்குப் போய்வந்தபோதுகூட எனக்கு இவ்வளவு தூரம் போய்வந்த மாதிரி இருந்ததில்லை. அதனால் எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

போன மாசி மாதம் எஸ்தர் வந்திருந்தாள். அடையாற்றில் நான் கல்லூரி படித்தபோது மூன்று வருடமும் அவளுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. கொச்சி யூதக் குடும்பம். அப்பாவுக்கு உத்தியோகம் இந்த ஊரில். அவள் படிப்பை முடித்ததும் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அங்கே போய் இத்தனை வருடமாகியும் அவளுடைய தமிழில் ஒரு தூசி படியவில்லை. என்னை இன்னும் "டீ" போட்டுக் கூப்பிடும் ஒரே ஜீவன் அவள்தான்.

அவளுடைய அம்மா அதற்கு முந்தைய பங்குனியில் போய்விட்டார். அம்மா கடைசியாகச் சொன்ன ஒரு வேலையை முடிக்கத்தான் எஸ்தர் வந்தாள். வெள்ளிக்கிழமை இறங்கினாள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கல்லறைக்குப் போகக்கூடாது. அன்று மத்தியானம் எங்கள் பால்கனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

எஸ்தர் பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். பெயர் எலியாஸ், வீட்டில் ஏலி. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டான். மெட்ராஸில் இருந்த யூதர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல் வைக்கலாம், வைக்கலாம் என்று இருந்து, கையில் காசு இல்லாமல் தள்ளிப்போய், கடைசிவரை வைக்கவே இல்லை.

"அம்மாவுக்கு அவன் போனதைவிட இன்னொரு கவலை பெருசாப் போச்சு டீ," என்றாள் எஸ்தர். அந்தக் கவலை என்னவென்று புரிய, அவர்களுடைய நம்பிக்கை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் உடலோடு எழுந்திருப்பார்கள். எழுந்திருப்பது அவர்களுடைய புனித நாட்டில். அப்படியானால் வேறு ஊர்களில் புதைக்கப்பட்டவர்களின் கதி? பூமிக்கடியில் சுரங்கங்கள் திறக்கும், அவற்றின் வழியாக உருண்டு உருண்டு அங்கே போய்ச் சேர்வார்கள் என்று அவர்களுடைய பெரியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அம்மா அடிக்கடி சொல்லுவாங்க. அவன் இன்னும் குப்புறக் கவிழக்கூடக் கத்துக்கலையே, அவ்வளவு தூரம் எப்படி உருண்டு வருவான்னு."

எங்கள் வீட்டில் குழந்தை முதல்முறை குப்புறக் கவிழ்ந்தால் பலகாரம் பண்ணி அக்கம்பக்கம் கொடுப்போம். அந்தப் பலகாரத்துக்கே வராமல் போன குழந்தையை நினைத்து ஒரு தாய் அறுபது வருடம் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதற்கு அவர்களிடமே ஒரு பரிகாரமும் இருக்கிறது. வெளிநாட்டில் அடக்கம் செய்யும்போது புனித நாட்டு மண்ணைக் கொஞ்சம் குழியில் போடுவார்கள். போட்டால் அந்த மண்ணிலேயே கிடப்பதாகப் பொருள். ஏலிக்கு அது கிடைக்கவில்லை. அதைக் கொண்டுபோய்ப் போடு என்பதுதான் அம்மா சொன்ன வேலை.

மண் ஒரு சின்னத் துணிப்பையில் இருந்தது. வந்த அன்றே "தரையில வைக்கக்கூடாது, எங்க வைக்கட்டும்?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல் பூஜை அலமாரி ஓரத்தைக் காட்டிவிட்டேன். மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் இங்கேயே ஊகித்திருப்பீர்கள். என் வீட்டுக்காரர் மந்த்ராலய பக்தர். தினமும் பூஜை முடிந்ததும் அந்தக் கோயில் மண்ணில், மிருத்திகை என்பார்கள், ஒரு சிட்டிகை எடுத்துத் தீர்த்தத்தில் கரைத்துக் குடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எஸ்தர் பையை எடுக்கப் போனால் பை காலியாகத் தொங்குகிறது. மண் முழுவதும் வெள்ளிச் சம்புடத்தில், மேலே துளசியோடு இருக்கிறது. இவர் நெற்றியில் ஒரு கீற்று. கையில் தீர்த்தம் குடித்து முடித்த உத்தரணி.

"பழைய மிருத்திகை தீந்துபோச்சு. நீ யார்ட்டயாவது சொல்லி வரவழைச்சிருக்கேன்னு நெனச்சேன்," என்றார் இவர். நான் அது என்ன மண் என்று சொன்னதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டு, "தோஷம் ஏதாவது உண்டோ, கேளேன்," என்று என்னிடம் கிசுகிசுத்தார். எஸ்தர் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இவருக்கு இனிமே உருள வேண்டிய வேலையே இல்ல. உள்ளயே வெச்சிருக்கார்."

ஒரு சிட்டிகைதான் போயிருந்தது. துளசியை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பையில் கொட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஆட்டோவை அரைநாளுக்குப் பேசினேன். ஓட்டுநர் அறுநூறு கேட்டார், காத்திருப்பதையும் சேர்த்து ஐந்நூறுக்கு முடிந்தது. இடத்தைச் சொன்னதும் அவர் திரும்பிப் பார்த்தார். "லாயிட்ஸ் ரோட்டுல யூதர் கல்லறையா? இன்னா மேடம் சொல்றீங்க. அந்த ரோட்ல இருவது வருசமா ஓட்டிக்கினு கீறேன், கண்ணுல பட்டதே இல்லயே." பட்டிருக்காது. அந்தச் சாலையில் போகிற பாதிப் பேருக்கு அது தெரியாது, எனக்கும் இந்த வேலை வரும்வரை தெரியாது.

முதலில் தி.நகர், ஐந்து கிலோமீட்டர். ஞாயிறு காலை என்பதால் இருபது நிமிடத்தில் போய்விட்டோம், மற்ற நாட்களில் இதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஏலி பிறந்த வாடகை வீடு பாண்டி பஜாருக்குப் பின்னால் இருந்தது. இப்போது அது ஒரு பட்டுப் புடவைக் கடையின் கார் நிறுத்துமிடம். அவர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை, கல்தான் வைப்பார்கள். பூ வாடிவிடும், கல் இருக்கும், வந்து போனதற்கு அடையாளம். குழந்தைக்கு அவன் பிறந்த இடத்துக் கல்லாக இருக்கட்டும் என்று எஸ்தர் ஆசைப்பட்டாள். அங்கே கிடைத்ததோ கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த கருங்கல் ஜல்லி. குனிந்து பொறுக்கும்போது செக்யூரிட்டி ஓடி வந்தார். "இன்னாம்மா எடுக்கறீங்க?" என்றார். "ஒரு கல்லு," என்றேன். எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணா? எட்த்துக்கினு போங்க," என்று பெருந்தன்மையாக அனுமதித்தார்.

அங்கிருந்து லாயிட்ஸ் ரோடு இன்னும் ஐந்து கிலோமீட்டர். வழியில் நான் என் சந்தேகங்களை எல்லாம் கொட்டினேன். உங்களுக்குச் சொர்க்கம் உண்டா, நரகம் உண்டா, மறுபிறவி உண்டா என்று கேட்டேன். "எல்லாம் உண்டு, எதுவும் நிச்சயம் இல்ல," என்றாள். மறுபிறவி உண்டு என்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். செத்தபின் என்ன என்று கேட்காதே, இருக்கும்போது ஒழுங்காக இரு என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாராம். கேட்கக் கேட்க எனக்கு எங்கள் தெரு நலச்சங்கக் கூட்டம் ஞாபகம் வந்தது.

அவள் சொன்னதில் என்னை ஒரேயடியாக விழவைத்தது வேறொன்று. எவ்வளவு பெரிய பாவியானாலும் ஆத்மா சுத்தமாக அதிகபட்சம் பன்னிரண்டு மாதம் போதும் என்பது அவர்கள் கணக்கு. பெற்றோர் போனால் பிள்ளைகள் தினமும் ஒரு துதியைச் சொல்வார்கள். அதில் சாவு என்ற சொல்லே கிடையாது, முழுக்கக் கடவுளின் புகழ்தான். ஆனால் அதைப் பதினோரு மாதத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஏன் என்று கேட்டேன்.

"பன்னிரண்டும் சொன்னா, எங்கம்மா அவ்வளவு பெரிய பாவின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் இல்ல? என் தம்பி போன வாரம்தான் நிறுத்தினான்."

நாங்களும் போனவர்களுக்கு வருடம் முழுக்க மாதாமாதம் மாசிகம் செய்கிறவர்கள்தான். ஆனால் அம்மாவின் பெயர் கெடக்கூடாது என்று கடவுளின் கணக்கிலேயே ஒரு மாதத்தை வெட்டும் இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கெட்டிக்காரப் பிள்ளைகள். யார் யோசித்தார்களோ, அவர் அம்மாவுக்குச் செல்லப்பிள்ளையாக இருந்திருக்க வேண்டும்.

கல்லறைக்கு ஒன்பது மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தோம். பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரித்து, சாவி வைத்திருந்த அம்மாவை ஓட்டுநரே தேடிக் கூட்டிவந்தார். உள்ளே சின்ன இடம். சொல்லப்போனால் எங்கள் குடியிருப்பின் மாடி இதைவிடப் பெரிது. சுத்தமாக இருந்தது. எண்ணி முடித்துவிடும் அளவுக்குச் சில கல்லறைகள், அவற்றின் மேல் ஹீப்ரு எழுத்துகள். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது, உள்ளே பக்கத்து வீட்டு வேப்பிலை ஒன்று விழுவது கேட்கிறது.

எஸ்தர் அம்மா சொன்ன அடையாளத்தைத் தேடினாள். மேற்குச் சுவர், மூலை, புங்க மரம். சுவரும் அப்படியில்லை, மரமும் இல்லை. இரண்டு முறை சுற்றிவந்தாள். அப்புறம் சாவிக்கார அம்மாவைக் கேட்டாள்.

"இங்க ஏதும்மா மரம்? இந்தக் கல்லுங்கல்லாம் பயய எடத்துலேர்ந்து கொணாந்து வெச்சது. தங்கசாலைப் பக்கம் இருந்துச்சாம் முன்ன. இங்க மாத்துனது அப்பால."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மாற்றும்போது கல் இருந்தவர்களைத்தான் மாற்றியிருப்பார்கள். ஏலிக்குக் கல் இல்லை. அவன் வடக்கே தங்கசாலையில், எந்தக் கட்டடத்துக்கு அடியிலோ, எந்த ரோட்டுக்கு அடியிலோ தனியாக இருக்கிறான். இவ்வளவு தூரம் தூக்கிவந்த மண்ணைப் போட அவனுக்கு ஓர் இடம் இல்லை.

"வா, தங்கசாலைக்கே போலாம். ஆட்டோ நிக்குது," என்றேன்.

"போய்? ரோட்டுல தூவிட்டு வர்றதா?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஒரு கல்லறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவின் அடக்கத்தில்கூட இப்படி அழவில்லையாம், பிறகு சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டுநர் கேட் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையைப் பிரித்தாள். பக்கத்தில் இருந்த கல்லறை மேல் ஒரு சிட்டிகை போட்டாள். அடுத்ததன் மேல் ஒரு சிட்டிகை. இப்படியே ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தாள். நான் பின்னாலேயே நடந்தேன்.

"இவங்க யாருக்கும் இங்க வர ஆள் இல்ல," என்றாள். "ஏற்கனவே ஒரு தடவை அங்கேர்ந்து இங்க கிளம்பி வந்தவங்க. அவன் இருக்கிற இடம் இவங்களுக்குத்தான் தெரியும். போறப்ப யாராவது ஒருத்தர் அவனை இடுப்புல தூக்கிக்கிட்டுப் போவாங்க டீ. பச்சக் குழந்தையை விட்டுட்டா போவாங்க?"

கடைசியில் பை காலியாயிற்று. தி.நகர் ஜல்லியைச் சுவரோரம் வெறும் தரையில் வைத்தாள். அவர்கள் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் படித்தாள், இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும், அது அவர்கள் வழக்கம். ஓட்டுநர் தன் பாட்டில் தண்ணீரை முழுவதும் ஊற்றினார். "கொயந்தயா மேடம்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். வீடுவரை ஹாரன் அடிக்காமல் ஓட்டினார், மயிலாப்பூர் மாட வீதியில் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எஸ்தர் வெளியே சமைத்ததைச் சாப்பிட மாட்டாள். அதனால் லஸ் அருகே இளநீர் மட்டும், ஒன்று அறுபது ரூபாய்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் வேண்டாம். கதவு பூட்டியிருக்கும், அக்கம்பக்கத்தில் பொறுமையாகக் கேளுங்கள், திறந்துவிட்டவரைச் சும்மா அனுப்பாதீர்கள். பூ வாங்கிப் போகாதீர்கள், ஒரு கூழாங்கல் போதும், அதையும் இடது கையால் வைப்பது வழக்கம் என்று எஸ்தர் சொன்னாள். உள்ளே எதுவும் சாப்பிடக்கூடாது. கை கழுவத் தண்ணீர் கொண்டுபோங்கள், உள்ளே குழாய் எதுவும் என் கண்ணில் படவில்லை. வெளிநாட்டிலிருந்து மண் கொண்டுவர விதிமுறைகள் இருக்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எஸ்தர் எப்படிக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

வீட்டில் இவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தான் குடித்த சிட்டிகையால் அந்தக் குழந்தைக்கு மண் குறைந்துவிட்டதோ என்று கவலை. நடந்ததை எல்லாம் சொன்னேன். தங்கசாலை, இல்லாத கல், எல்லாருக்கும் ஒரு சிட்டிகை, யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அவள் சொன்னது. கேட்டுவிட்டு எஸ்தர் இருந்த அறைப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்.

"அந்த மண்ணு எனக்குள்ளயும் கொஞ்சம் போயிருக்கோன்னோ? யாரும் தூக்கலேன்னா நான் தூக்கிண்டு போய் அவா அம்மாட்ட விட்டுடறேன்னு அவகிட்ட சொல்லு."