மாஸ்டரின் மேஜைக்கு மேல் ஒரு கேமரா

கட்டிங் மாஸ்டர் தன் மச்சானுக்கு இருபத்திரண்டாயிரம் கடன்பட்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே மேல். வாழ்நாள் முழுக்கக் கடைக்காரன், வட்டிக்காரன் எவனிடமும் கை நீட்டாத மனிதர், கடைசியில் மனைவியின் தம்பியிடம் போய் மாட்டிக்கொண்டார். அதுவும் சோற்றுக்கோ மருந்துக்கோ அல்ல. ஒரு டேப்லெட்டுக்கும், அதை மேஜைக்கு மேலே தொங்கவிடும் நீண்ட கைத் தாங்கிக்கும்.

மாஸ்டர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதில் பாதி நாள் தையல் கடையில் துணிக்குப்பை கூட்டியதில் போயிற்று. மீதி படிப்பெல்லாம் கத்தரியிடம்தான். எதிரே வருகிறவனின் மார்பளவை அவன் தெருவைக் கடக்குமுன் சொல்லிவிடுவார். அரை அங்குலம் பிசகினால் மீசையை எடுத்துவிடுவதாகச் சவால் வேறு. மீசை இன்றுவரை இருக்கிறது. அப்படிப்பட்டவரைத்தான் கல்லூரியின் ஆடைத் துறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே சட்டையைப் படமாக வரைந்து காட்ட ஆள் இருந்தது, துணியில் வெட்டிக் காட்டத்தான் ஆள் இல்லை. இவர் போய் நின்றதும் அந்தக் குறை தீர்ந்தது.

ஆனால் ஒரே ஒரு வெட்டு மேஜை, முப்பது மாணவர்கள். முதல் வரிசை மாஸ்டரின் கையைப் பார்க்கும். இரண்டாம் வரிசை அவர் தோளைப் பார்க்கும். மூன்றாம் வரிசை செல்போனைப் பார்க்கும். துறைத் தலைவியம்மா நல்ல மனுஷி. சுவரில் பெரிய திரை இருக்கிறது, மேஜைக்கு மேல் ஒரு கேமரா மாட்டினால் எல்லாரும் பார்க்கலாம், ஆனால் இந்த வருஷம் வாங்கப் பணம் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மாஸ்டருக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. நானே வாங்கிக்கொள்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

மச்சான் செல்போன் கடை வைத்திருந்தான். டேப்லெட்டையும் தாங்கியையும் எடுத்துக் கொடுத்து, மாமா எப்போது தருவார் என்று கேட்டான். பருவம் முடிவதற்குள் என்றார் மாஸ்டர். கடைக்குப் புது முன்பணம் கட்டவேண்டியிருக்கிறது, அதற்குள் வந்தால் போதும் என்றான் அவன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, தன் சேமிப்பிலிருந்து தம்பிக்குக் கொடுத்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த டப்பா எனக்கு. அதோட கடனும் எனக்கு. என் கத்தரிதான் அதை அடைக்கும்."

வகுப்பில் அந்த டப்பா செய்த வேலையைச் சொல்லவேண்டும். மாஸ்டரின் கை கதவளவுக்குத் திரையில் தெரிந்தது. தன் கட்டைவிரல் நகம் தட்டு அளவுக்குத் தெரிந்ததைக் கண்டு அன்று மாலையே நகம் வெட்டிக்கொண்டார். பாடத்தைப் பதிவு செய்து வகுப்புப் பக்கத்தில் போட்டார்கள். மாணவர்கள் வீட்டில் அவரை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்களாம். தன்னை நிறுத்த இதுவரை ஒருத்தர் பிறந்ததில்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

"அந்த பட்டன் எங்க இருக்குன்னு எனக்கும் காட்டுங்க," என்றாள் அவள்.

செல்போனிலேயே மாணவர்கள் விடை தட்டும் கேள்விப் பலகை ஒன்றையும் தலைவியம்மா போட்டுக்கொடுத்தார். முன்பெல்லாம் புரிந்ததா என்று கேட்டால் முப்பது தலையும் ஆடும். இப்போது கேள்வி போட்டால் திரையில் சரிக்கு ஒன்று, தப்புக்கு ஒன்று என்று இரண்டு கம்பங்கள் எழும்பின. துணியின் நெடுக்கு எது, குறுக்கு எது என்ற கேள்விக்குப் பாதிப் பேர் தப்பாகத் தட்டியிருந்தார்கள். மாஸ்டருக்கு முதலில் கோபம், பிறகு சந்தோஷம். தலையாட்டி ஏமாற்றியவர்களை ஒரு கருவி காட்டிக்கொடுத்துவிட்டதே. நெடுக்கு குறுக்கை மறுபடி முதலிலிருந்து நடத்தினார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பார்சல் கம்பெனி, தன் ஆண் ஊழியர்களுக்கு முப்பது சட்டை வேண்டும் என்று துறைக்கு வேலை கொடுத்தது. மாணவருக்கு ஒரு சட்டை, அதுவே பயிற்சி. மேற்பார்வைக் கூலி மாஸ்டருக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தார், மச்சான் கடனுக்குச் சரியாக வந்தது. ஆனால் துணி கெட்டால் அதன் விலையை அதே கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

சட்டைக் கைகளை வெட்டினார்கள், காலர் வெட்டினார்கள், எல்லாம் அச்சு. பிறகு முன்பக்கத் துண்டுகள். ஆண் சட்டைக்குக் காஜா, அதாவது பட்டன் துளை, இடப்பக்கம், பெண் சட்டைக்கு வலப்பக்கம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மாறினால் மட்டும் எல்லாருக்கும் தெரியும். காஜா வரும் பக்கத்துக்குப் பட்டி மடிக்க அகலமாகத் துணி விடவேண்டும். மாஸ்டர் வழக்கம்போல் "இந்தப் பக்கம் அகலமா, அந்தப் பக்கம் ஒடுக்கமா" என்று சொல்லிக்கொண்டே வெட்டினார். திரையில் இருக்கிறபடியே வெட்டு என்பதுதான் அவர் போட்டிருந்த சட்டம். முப்பது பேரும் வெட்டினார்கள்.

வகுப்பில் வேகமாகத் தைக்கிற பெண்ணுக்கு ரயில் என்று பட்டப்பெயர். அவள் சட்டை முதலில் முடிந்தது. கொக்கு என்று கூப்பிடப்பட்ட ஒல்லிப் பையன் அதைப் போட்டுப் பார்த்தான். விரல் பட்டனைத் தேடித் தடுமாறியது. பையில் பேனா செருகப் போன கை வெறும் துணியில் முட்டியது. பை வலது மார்பில் இருந்தது.

"மாஸ்டர், இது எங்க அக்கா சட்டை மாதிரி இருக்கு."

வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆள் ஆளாகப் போய்த் துண்டுகளைப் புரட்டினார். அத்தனையும் அப்படித்தான். துணியோ ஒருபக்கம் மினுக்கு, மறுபக்கம் மங்கல். திருப்பிப் போட்டும் தப்பிக்க முடியாது. என் கையைப் பார்த்துத்தானே வெட்டினீர்கள் என்று கேட்டார். உங்கள் கையைத்தான் பார்த்தோம், திரையில், என்றார்கள். பதிவை ஓடவிட்டார். திரையில் ஒரு மனிதர் இடது கையால் கத்தரி பிடித்து அழகாக வெட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டரோ சுத்த வலது கைக்காரர்.

"நீங்க இடது கைக்காரர்னுதான் நாங்க இத்தனை நாளும் நெனச்சோம்," என்றாள் ரயில்.

மாஸ்டர் நேரே மச்சானுக்குப் போன் போட்டு, நீ விற்றது இடம் வலம் தெரியாத சாமான் என்று பொரிந்தார். மச்சான் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தான். தாங்கியை அண்ணாந்து பார்த்தான், உதட்டைக் கடித்துக்கொண்டான். டேப்லெட்டின் முதுகில் இருக்கும் கேமராதான் கீழே பார்க்கவேண்டும். மாஸ்டர் அதைக் கவிழ்த்து, முகப் பக்கத்தைக் கீழே திருப்பி மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால்தான், தான் வெட்டுவது சரியாகத் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்க்கமுடியும். வெட்டுகிற துணி தன் கண்ணுக்குத் தெரியாமல் கத்தரி வைக்கமாட்டார் எந்தக் கட்டிங் மாஸ்டரும்.

"மாமா, இது மூஞ்சி பார்க்கற பக்கம். கண்ணாடி மாதிரிதான் காட்டும். துணியில ஒரு எழுத்து எழுதியிருந்தாக்கூட அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

மாஸ்டர் எழுதுகிற ஆளா? அவருக்குச் சுண்ணக்கட்டியால் கோடு இழுக்கத்தான் தெரியும். கோட்டுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. கையும் காலரும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்ததால் அதுவரை குட்டு வெளிப்படவில்லை.

வீட்டில் அன்று அவர் கேமராவைத் திட்டத் திட்ட, மனைவி தட்டை நகர்த்தி வைத்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சாப்பிடுங்க. தம்பிக்கு நான் குடுத்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் குத்தியது. அரைகுறையாகச் சாப்பிட்டு எழுந்தார். ஒரு முன்பக்கத் துண்டைக் கட்டிலில் விரித்துப்போட்டு, உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். துணி வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான், அதை ஒட்டவைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. ஆனால் கூட்டித் தைக்க இவரால் முடியும். வலப்பக்கம் அகலத்தைக் கத்தரித்துவிட வேண்டும். இடப்பக்கத்துக்குத் துணி போதாது. ஆகவே தனிப்பட்டி ஒன்று வெட்டி மேலே ஏற்றவேண்டும். அதே துணி கிடைக்காது. கிடைக்காததை மறைக்கப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். வேறு நிறத்தில் துணிந்து வைத்தால் அதுதான் மோஸ்தர்.

காலையில் தலைவியம்மாவிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சாமான் அறையில் மிச்சமிருந்த கறுப்புத் துணியைக் கேட்டு வாங்கினார். பழுப்புச் சட்டையில் கழுத்திலிருந்து அடிவரை கறுப்புப் பட்டி இறங்க, ஒன்றைத் தானே தைத்து முடித்தார். ரயிலின் சட்டைக்கு மட்டும் பையைப் பிரித்து இடம் மாற்றி, ஊசித்துளை மறைய ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்தார்கள். தலைவியம்மா பார்சல் கம்பெனி மேலாளரை வீடியோவில் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, சட்டையைக் காட்டினார். கொக்குதான் போட்டுக்கொண்டு நின்றான். மேலாளர் அவனை முன்னும் பின்னும் திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு அவர் கேட்டார், காலருக்கும் அதே கறுப்பு வருமா என்று.

"வரும்," என்றார் மாஸ்டர். "அதுக்குத் தனிக் கூலியும் வரும்."

தலைவியம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். தனிக் கூலி கிடைக்கவில்லை, பேசிய கூலி முழுசாக நின்றது. கறுப்புத் துணிக்குத் துறை காசு கேட்கவில்லை.

பட்டி ஏற்றும் பாடத்தை நடத்திய அன்று கேமரா முதுகுப் பக்கமாகவே தொங்கியது. படம் பார்க்க மாஸ்டர் இப்போது சுவர்ப்பக்கம் திரும்பவேண்டியிருந்தது. பார்த்துவிட்டு மாணவர் பக்கம் திரும்பினால் முப்பது முகமும் தெரிந்தது. யார் தொலைந்துபோய் நிற்கிறார்கள் என்று கேள்விப் பலகை இல்லாமலே கண்டுபிடித்தார். வகுப்பு தொடங்குமுன் இஞ்ச் டேப்பைக் கேமராவுக்குக் கீழே விரித்து, எண் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது அன்றுமுதல் வழக்கமாயிற்று. அந்தப் பதிவை ஆடைத் துறைக்கு வெளியேயும் ஆட்கள் பார்த்தார்கள். பற்றவைப்பு சொல்லித்தருகிறவர் வந்தார், கடிகாரப் பழுது சொல்லித்தருகிறவர் வந்தார். இந்தத் தாங்கி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். என் மச்சான் கடையில், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்று ராஜா மாதிரி அனுப்பிவைத்தார். முதுகுப் பக்கம் கீழே இருக்கட்டும் என்று இலவசமாக ஒரு பாடமும் சொன்னார்.

சட்டைகள் போய்ச் சேர்ந்தன. கூலி வந்தது. மாஸ்டர் அதை வங்கியிலிருந்து நோட்டாக எடுத்துக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு மச்சான் கடைக்குப் போனார். செல்போனிலேயே அனுப்பியிருக்கலாமே என்று மச்சான் கேட்டான். அனுப்பினால் யார் பார்ப்பது என்றார் மாஸ்டர்.

"கைய நீட்டு மாப்ள."

மச்சான் நீட்டினான். மாஸ்டர் எச்சில் தொட்டு ஐந்நூறு நோட்டுகளை இரண்டிரண்டாக, கடையிலிருந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிறமாதிரி எண்ணி வைத்தார். பதினெட்டாயிரம் வந்ததும் மச்சான் கையை மூடப்போனான். நீங்கள் அனுப்பிய ஆட்களால் நாலு தாங்கி விற்றாகிவிட்டது, மீதி உங்கள் கமிஷன் என்றான்.

மாஸ்டர் அவன் விரல்களைப் பிடித்துப் பிரித்துவிட்டார். மனைவி தம்பியின் மணிக்கட்டைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொம்பது," என்றார் மாஸ்டர். "இருபது. இருபத்தொண்ணு." கடைசி ஆயிரத்தின் இரண்டு ஐந்நூறையும் மட்டும் தனித்தனியாக வைத்தார்.