கேஸ் ஆஃப், சரி!

ஞாபகசக்திக்கு வழி சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. வல்லாரைக் கீரை, ஊறவைத்த பாதாம், இடது கையால் பல் தேய்ப்பது. என் மனைவி ஒரே குழம்புக்கு மூன்று முறை உப்புப் போட்டாள் என்று சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்கு டாக்டராகிவிட்டார்கள். நிஜமான டாக்டரும் மாத்திரையைவிடப் பழக்கங்களைத்தான் அதிகம் சொன்னார். தினமும் நடக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும், செய்கிற வேலையை வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டும்.

"குணமாயிடுமா சார்?"

"வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் போதவில்லை.

வாய்விட்டுச் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஓசூரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பாதி ஆயுசை சூப்பர்வைசராகக் கழித்தவன் நான். அங்கே மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கைநீட்டிக் காட்டிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "கதவு மூடியாச்சு, சரி! ஏர் பிரஷர், சரி!" கண், கை, வாய் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் மறதி வராது என்பது எங்கள் கம்பெனி வேதம். அதை அப்படியே சூளகிரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வேறு என்ன செய்வேன், சொல்லுங்கள்! பெங்களூரில் இருக்கும் மகள் "அம்மா அடுப்பைப் பத்த வச்சிட்டு மறந்துட்டா என்னப்பா பண்ணுவீங்க?" என்று போனில் அழுதாள். என் பயம் அடுப்பு அல்ல. இவள் ஒருநாள் என்னை மறந்துவிடுவாள் என்ற பயம். அதை மகளிடம்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொன்னால் பலித்துவிடும்போல் இருந்தது.

தினமும் காலை நடைக்குக் கிளம்பும்போது நான் கேட்பேன், "கேஸ்?"

அவள் அடுப்பைப் பார்த்துக் கையை நீட்டுவாள். "கேஸ் ஆஃப், சரி!"

"மோட்டார்?"

"மோட்டார் ஆஃப், சரி! ரிட்டையர் ஆகியும் இந்த மனுசனுக்கு யூனிஃபார்ம் கழலலையே, சாமி!"

அவள் கிண்டல் செய்யச் செய்ய எனக்குத் தெம்பு வந்தது. சர்வீஸ் ரோடு ஓரமாகக் கம்பெனி பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்போம். பூக்காரம்மாவிடம் அவள் தெலுங்கில் பேசி நிற்பாள். அதுவும் மூளைக்கு நல்லது என்று நான் அவசரப்படுத்த மாட்டேன். சில மாதங்களில் நான் கேட்காமலே எல்லாவற்றுக்கும் கைநீட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒருநாள் நடை முடிந்து திரும்பினால் வீடு முழுக்கப் புகை. பால் பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. அடியில் தீ எரிந்துகொண்டே இருந்தது.

"சொன்னியேடி! கையைக் காட்டிச் சொன்னியே!" என்று கத்தினேன்.

"சொன்னேனே. நல்லாத்தானுங்களே சொன்னேன்?"

பொய் இல்லை. நன்றாகத்தான் சொன்னாள். கம்பெனி லைனில் பழைய ஆட்களும் இப்படித்தான். கை மெஷினைக் காட்டும், வாய் 'சரி' என்று கத்தும், கண் கேன்டீன் பக்கம் இருக்கும். பழகப் பழகப் பாலும் புளிக்கும். எத்தனை பேரைப் பிடித்து மெமோ கொடுத்திருக்கிறேன்! இவளுக்கு யார் மெமோ கொடுப்பது? சமையலறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பக்கத்தில் வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

புத்தியுள்ளவன் அத்தோடு விட்டிருப்பான். தலைக்கு மேல் வெள்ளம் போனவனுக்கு சாண் என்ன, முழம் என்ன? சிலிண்டரை மூடுவதை நானே எடுத்துக்கொண்டேன். அவளுடைய காலைப் பாடத்தில் என்னையும் சேர்த்தேன். என்னைக் கைகாட்டி, "என் வீட்டுக்காரர், சரி!" என்று சொல்ல வேண்டும்.

"ஐயோ, வெக்கமா இருக்குதுங்க."

"சொல்லு."

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். மறுநாளும் சொல்ல வைத்தேன். மறந்த நாட்களில் அதட்டியும் சொல்ல வைத்தேன். அந்த ஒரு சொல் காதில் விழுந்தால்தான் எனக்குக் காபி இறங்கும்.

போன வாரம் ஒரு காலை, நான் கேட்பதற்கு முன்பே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையை நேராக என் நெஞ்சுக்கு நீட்டினாள். "என் வீட்டுக்காரர், சரி!" கணீரென்ற குரல். சந்தோஷத்தில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள்.

"சரியாச் சொல்லிட்டனுங்களா சார்? அவரு வந்தா நான் சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க. சொல்லலைன்னா மனுசன் ரொம்பக் கோவப்படுவாரு."