மஞ்சள் வைத்த தள்ளுபடிப் புடவை

அந்த அக்கா புடவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கண்ணாடி மேஜையின் மேல் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். கிளிப்பச்சைப் புடவை, அரக்குக் கரை. நாலாவது மடிப்பில் கிழிசல் தெரிந்தது. தறியிலேயே நூல் அறுந்துபோன இடம். என் நாலு விரலும் அதற்குள் நுழையும். மேல்மடிப்பின் மூலையில் பெருவிரல் நகமளவுக்கு மஞ்சள் தடவியிருந்தது. புடவையைப் பார்த்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. நான்கு நாளைக்கு முன்பு அதை அவருக்கு விற்றவள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பத்தாவது முடித்துவிட்டுத் திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றேன். எனக்குக் கூச்சம் அதிகம். வந்தவர்களிடம் "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?" என்று கேட்பதற்கே முதல் மாதம் முழுவதும் தேவைப்பட்டது. அதற்குமேல் பேச வேண்டிய இடங்களில் புடவையை எடுத்துப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். அதையே சிலர் பொறுமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம் வந்தால் எங்கள் கடை கடையாக இருக்காது. வடமதுரை, எரியோடு, கன்னிவாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கும். எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான். ஆடி மாதத்தில் மட்டும் அவருக்குக் காது கேட்காது. அந்த ஒரு மாதத்துக்கு எங்களுக்கு ஒரே உத்தரவு: தள்ளுபடிப் புடவையை விரித்துக் காட்டக் கூடாது. ஒரு புடவையை விரித்து மறுபடி மடிப்பதற்குள் நாலு பேர் வேறு கடைக்குப் போய்விடுவார்களாம். யாராவது கேட்டால் "எல்லாம் நல்ல சரக்குதான்க்கா" என்று சொல்லச் சொல்லியிருந்தார். எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஒரு வரிதானே, அதிகம் பேச வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அந்த நெரிசலில் வந்தவர்தான் இந்த வடமதுரை அக்கா. பெயர் கேட்டதில்லை. கடைசிவரை எனக்கு அவர் வடமதுரை அக்காதான். நாத்தனார் மகள் பெரியவளாகிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை சடங்கு, தாய்மாமன் சீராக வைக்கப் புடவை வேண்டும் என்று வந்ததுமே என்னிடம் சொல்லிவிட்டார். மூன்று தடவை, "செத்த விரிச்சுக் காட்டு தங்கச்சி" என்று கேட்டார். மூன்று தடவையும் நான் அந்த ஒரு வரியையே சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம்தான் அவர் புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டு வழக்கப்படி, புதுத்துணியில் கத்தரி படுவதற்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து மூலையில் மஞ்சள் வைக்க வேண்டும். வைத்திருக்கிறார்கள். பிறகு ரவிக்கைத் துணியை வெட்டுவதற்காகப் பிரித்தபோதுதான் கிழிசல் கண்ணில் பட்டிருக்கிறது. சீர்த்தட்டில் வைக்கும் புடவையைச் சபையில் நாலு பெண்கள் எடுத்து விரித்துப் பார்க்காமல் விடமாட்டார்கள். தாய்மாமன் கிழிந்த புடவை வைத்தான் என்ற பேச்சு அந்தப் பெண்ணின் கல்யாணம்வரைக்கும் கூடவே வரும்.

முதலாளி மஞ்சளைத்தான் முதலில் பார்த்தார்.

"மஞ்சள் வச்சுட்டீங்களேம்மா. வச்சா உடுத்தின மாதிரிதானே? பில்லுக்குப் பின்னாடி படிச்சுப் பாத்தீங்களா?"

"படிச்சேன். வித்த துணியைத் திரும்ப வாங்க மாட்டோம்னு போட்டிருக்கு. கிழிஞ்ச துணி விப்போம்னு போடலையே?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"தள்ளுபடின்னா முன்னப்பின்ன இருக்கத்தாம்மா செய்யும்."

"விலையைக் குறைச்சீக, சரி. புடவையிலயுமா நாலு விரக்கடை குறைப்பீக? பில்லுல என்ன அச்சடிச்சிருந்தாலும், குறையை மறைச்சு வித்தா கடைக்காரவுகதான் பொறுப்புன்னு ரேடியோவுல சொன்னாக. களை எடுக்கையில கேட்டேன்."

"அப்ப ரேடியோக்காரர்கிட்டயே போயி வேற புடவை கேளுங்க."

"அவரு எதுக்கு? அதுக்குன்னு தனியா கோர்ட்டே இருக்காமே. ஆனா நான் கோர்ட்டுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள எங்க புள்ளைக்குக் கல்யாணமே முடிஞ்சிரும். எனக்கு இன்னைக்கு வேணும்."

இந்தத் தடவை பில் போடுகிறவரே சிரித்துவிட்டார். முதலாளி குரலை உயர்த்தினார். "வாங்கும்போதே விரிச்சுப் பாத்திருக்கணும்ல? கேட்டா எங்க புள்ளைக விரிச்சுக் காட்டாமயா இருந்திருக்கும்?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருந்தவர், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. "இந்தா நிக்கிறாளே, இவதான் காட்டல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடிந்துவிடும். என் வேலையும் சேர்ந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். புடவையை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். எனக்காகத்தான் மடிக்கிறார் என்று புரிந்ததும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"கேட்டாக. மூணு தடவை கேட்டாக. நான்தான் விரிக்கல" என்றேன். நான் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. அது கடைக்கோடியில் வேட்டிப் பிரிவுவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மேஜையோரம் நின்ற ஒரு பாட்டியம்மா, பில் போட்டு வாங்கிய புடவையைப் பையிலிருந்து எடுத்து உதறினார். அவரைப் பார்த்து இன்னொருவர். அவ்வளவுதான், கண்மூடித் திறப்பதற்குள் கடை முழுக்கப் புடவை. மேஜை மேல், தரையில், ஒருவர் தலைக்குமேல் இன்னொருவர் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்துக்குக் காட்டி. "ஏத்தா, அந்த முனையைப் பிடி" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் பிடித்துக் கொடுத்தார்கள். முதலாளி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "அந்தம்மாவுக்குப் புதுச் சரக்குலயே ஒண்ணு எடுத்துக் குடுத்து அனுப்புங்கப்பா, மொதல்ல அனுப்புங்க!"

அதே கிளிப்பச்சையை நானே தேடி எடுத்து, உள்முனையிலிருந்து முந்திவரை விரித்துக் காட்டிக் கொடுத்தேன். அக்கா தானே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கடை சாத்தும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டே போய் நின்றேன், இனி வரப்போவதில்லையே என்று. "நாளையிலருந்து நீ புடவைப் பக்கம் நிக்க வேண்டாம்" என்றார். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அழாத. வாசல்கிட்ட ஒரு மேசை போடச் சொல்லியிருக்கேன். மாத்த வாரவுகளை நீயே பாரு. குறை இருந்தா மாத்திக் குடு. தினமும் இப்படிக் கத்த எனக்கு உடம்பு தாங்காது." கோபமாகச் சொன்னாரா, சிரித்துக்கொண்டு சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அடுத்த ஆடியில் பில்லின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

கல்யாணமாகும்வரை அந்த மேசையில் உட்கார்ந்தேன். உண்மையான குறையோடு வந்தவர்களும் உண்டு; விருந்துக்கு உடுத்திப்போய்ச் சாம்பார் கறையோடு கொண்டுவந்து, "மாப்பிள்ளைக்குக் கலர் பிடிக்கல" என்றவர்களும் உண்டு. முடியாது என்று சொல்லவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். முதலில் வேர்க்கும், பிறகு பழகிவிட்டது.

மேசை போட்ட மூன்றாம் நாளே வடமதுரை அக்கா வந்து நின்றார். மறுபடியும் கிழிசலோ என்று பயந்துவிட்டேன். பையிலிருந்து சடங்கு வீட்டு அதிரசத்தை எடுத்து நீட்டினார். "சபையில ஏழு பேரு விரிச்சுப் பாத்தாக தங்கச்சி. ஒருத்திக்கும் சொல்ல ஒண்ணும் கிடைக்கல. எங்க நாத்தனாருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்" என்று சொல்லிச் சிரித்தார்.

போன மாதம் என் மகள் செல்போனில் தள்ளுபடியில் ஒரு சுடிதார் வாங்கினாள். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. எதையோ இரண்டு தடவை தொட்டாள். மறுநாளே திரும்ப எடுத்துப்போக ஆள் வந்துவிட்டார். "யாருகிட்ட சொன்ன?" என்று கேட்டேன். "யாருகிட்டயும் சொல்ல வேணாம்மா, அதுலயே முடிஞ்சிரும்" என்றாள். எனக்குத் திருப்தியாகவே இல்லை. வந்தவரை வாசலில் நிறுத்தி, சுடிதாரை விரித்து, இரண்டு கையையும் சேர்த்துவைத்துக் காட்டி, எத்தனை விரற்கடை வித்தியாசம் என்பதுவரை சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போகுது?" என்றார் அவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல். "அம்மா, உள்ள வாம்மா, மானம் போகுது" என்று மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு என்னைப்போலவே கூச்சம் அதிகம். "இரு, இன்னும் முடிக்கல" என்றேன்.