பூஜை அலமாரியில் ஒரு பஞ்சுக் குச்சி

என் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கிறது. உள்ளே காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று. ஒரு முனை வெள்ளை, மறு முனை பழுப்பும் கருப்புமாக இருக்கும். ஏதோ அம்மன் கோயில் மை என்று நினைத்து அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டவர்கள்கூட உண்டு. அது மை இல்லை. என் கொழுந்தனார் மனைவி, என் ஓரகத்தி, எங்கள் வீட்டு சிடி பிளேயரின் கண்ணிலிருந்து துடைத்து எடுத்தது.

எங்களுக்கு வடக்கனந்தல் பக்கம். கரும்பும் மரவள்ளியும்தான் பிழைப்பு. நான் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்தபோது அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். மேல்மூடியைத் திறந்து சிடியை வைக்க வேண்டும். நான் அதைப் பூஜை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். சாமிப் பாட்டைத் தவிர வேறு எதுவும் அதில் ஓடியதில்லை. விடியற்காலையில் அது பாடினால்தான் எனக்குக் கை கால் ஓடும். செவ்வாய், வெள்ளியில் கற்பூரம் காட்டி, கல்வராயன் மலைக்காரர்கள் கொண்டுவந்து விற்கும் குங்கிலியத்தையும் நெருப்பில் தூவி, புகையைப் பெட்டியைச் சுற்றியும் காட்டுவேன். சாமி பாடுகிற பெட்டிக்கு அந்த மரியாதை வேண்டாமா என்று நினைத்தேன்.

ஓரகத்தி மணலூர்பேட்டைப் பெண். கல்யாணத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம் இருந்தவள். அவள் வந்து நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் நான் வயலிலிருந்து வந்தபோது, அவள் பூஜை அலமாரி முன்னால் நின்று பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, சிடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு விலக்கான இரண்டாம் நாள். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் யாரும் அலமாரிப் பக்கம் போவதில்லை. நான் பார்த்ததும் அவள் மூடிவிட்டு நகர்ந்துகொண்டாள். அந்த வாரமே பெட்டி நின்றுபோனது. சிடியை வைத்தால் சுற்றாது. இரண்டு தரம் 'டிக் டிக்' என்று முனகிவிட்டு, சிடியே இல்லை என்று பச்சை எழுத்தில் காட்டும்.

அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே பாட்டு விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் கோபம் வந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. மாமியாரிடம் சொல்லிவிட்டேன். ஓரகத்தி காதில் விழட்டும் என்றே சொன்னேன்: "தொடக்கூடாத நேரத்துல தொட்டா சாமி எப்பிடி பாடும்?" மாமியார் அதை அதோடு விடவில்லை. மோட்டார் காயில் போனாலும், மாடு பால் குறைத்தாலும் "வந்த வேளை" என்று ஆரம்பித்துவிடுவார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் சாப்பிடுகிற அளவுதான் குறைந்துகொண்டே வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் காட்டினோம். "கண்ணு செத்துப்போச்சும்மா, இந்த மாடலுக்கு இப்போ கெடைக்காது" என்றார்கள். மார்கழி பிறக்க நாலு நாள் இருந்தது. அன்று விலக்கு முடிந்து தலைக்குக் குளித்துவிட்டு வந்த ஓரகத்தி என்னிடம், "அக்கா, நான் ஒருக்கா பாக்கட்டுமா?" என்றாள். இன்னும் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று தலையாட்டினேன்.

கூடத்தில் பழைய துணியை விரித்துப் பெட்டியை வைத்தாள். சிடி போடாமல், மூடி மூடியிருப்பதாகப் பெட்டி நம்பும்படி, மூடி அழுத்துகிற ஓட்டைக்குள் ஈர்க்குச்சியைச் செருகினாள். உள்ளே மிளகு அளவு கண்ணாடி ஒன்று மேலும் கீழும் எழும்பியது. "இன்னாக்கா, செத்துப்போச்சுன்னாங்க? எழுந்து எழுந்து தேடிக்கினு கீதே" என்று சிரித்தாள். நான் குனிந்தேன். "நேரா பாக்காதீங்க, கண்ணு போயிடும். பக்கத்துலேர்ந்து பாருங்க." பக்கத்திலிருந்து பார்த்தால், மாதுளை முத்து மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு.

கரண்டை நிறுத்திவிட்டு, மருந்துக் கடை ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து அந்தக் கண்ணாடியைப் பூப்போலத் துடைத்தாள். பஞ்சு கருப்பாக வந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னிடம் நீட்டினாள். அந்த வாசனை என்ன என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் குங்கிலியம். என் கற்பூரம்.

துடைத்ததும் ஒரு பாட்டு முழுதாகப் பாடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் திக்கி நின்றது. மறுபடியும் திறந்து, கண் நகர்ந்து போகிற கம்பியைத் தடவிப் பார்த்தாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. "அக்கா, இதுக்கு யாரு விபூதி வச்சது?" நான்தான். பெட்டி திக்க ஆரம்பித்த புதிதில், திருஷ்டி என்று நினைத்து மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டிருந்தேன். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல வேளக்கா, எலுமிச்சம்பழம் நசுக்காம வுட்டீங்க" என்றாள். கம்பியைத் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். அதற்குப் பிறகு சிடி கடைசிப் பாட்டு வரை ஓடியது.

சத்தம் கேட்டு மாமியார் உள்ளே வந்தார். "இன்னாடி ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை. தூசி" என்றாள் ஓரகத்தி.

மாமியார் என்னைப் பார்த்தார். "பாத்தியா? தலைக்கு ஊத்திக்கினு வந்து தொட்டா, அதுவா பாடுது."

அவள் குனிந்து ஈர்க்குச்சியையும் துணியையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், பெட்டியை அவள் சரிசெய்ததே அவள் மேல் போட்ட பழிக்குச் சாட்சி ஆகியிருக்கும். நான் கும்பிடுகிற அம்மன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பஞ்சுக் குச்சியை மாமியார் கையில் கொடுத்தேன். "மோந்து பாருங்க அத்தை. இது அவ கை பட்டதால இல்ல. நான் காட்டுன பொகை. நான் போட்ட விபூதி. அவ மேல பழி போட்டது என் தப்பு."

மாமியார் முகர்ந்து பார்த்தார். "சாமிக்குக் காட்டுன பொகையா கண்ண கெடுத்துது? நல்லா கீது கதை" என்றார். குச்சியை என் கையில் திருப்பிக் கொடுத்து, "அப்போ பொட்டிய அந்தாண்ட தள்ளி வையி" என்று சொல்லிப் போனார். வந்த வேளைப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

வாயால் தப்பு என்று சொல்லிவிடுவது சுலபம். அடுத்த மாதம் அவள் அந்த மூன்று நாளில் கூடத்து மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். "நீயே போடு" என்றேன். "அக்கா, இன்னிக்கு நான்..." என்று இழுத்தாள். "தெரியும். போடு." அவள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். தெருவுக்கே கேட்கும்படி பாடியது. சாமி கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கொழுந்தனாரும் அவளும் ஓசூரில் இருக்கிறார்கள். பெட்டி கூடத்து ஜன்னலோரம் இருக்கிறது. நான் கற்பூரம் காட்டுவதையோ குங்கிலியம் போடுவதையோ விடவில்லை. அது எனக்கும் அம்மனுக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட் தொட்டு நானே கண்ணைத் துடைத்துவிடுகிறேன். இன்று காலையும் பாடியது.

வருகிற தையில் என் மகனுக்குக் கல்யாணம். மருமகள் வந்து முதல் விளக்கு ஏற்றும்போது குங்குமச் சிமிழை அவள் கையில் கொடுப்பேன். பக்கத்தில் இருக்கிற மாத்திரை டப்பாவையும் திறந்து காட்டுவேன். இது இன்னா அத்தை என்று கேட்பாள். 'நான் காட்டுன பொகை, என் தப்பு' என்று மாமியாரிடம் சொன்ன அதே வார்த்தையை அவளிடமும் சொல்வேன்.