பஸ் வந்தால்தான் பால்

1996-ஆம் வருடம், வெயில் கடுமையாக ஏறத் தொடங்கியிருந்த மாதம். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்தில் கிராம சுகாதார செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஊரில் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. யாரும் கேட்காததற்கும் பதில் வைத்திருந்தேன். அதுதான் வினையாகிப் போனது.

ஊருக்கு வெளியே, பஸ் போகும் சாலை வளைகிற இடத்தில் ஒரு செங்கல் சூளை. பொங்கல் முடிந்ததும் வெளியூர்க் குடும்பங்கள் வந்து குடிசை போட்டுத் தங்கி வேலை செய்யும். மழைக்கு முன்னால் கிளம்பிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அங்கே போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு, எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துவிட்டு வருவேன். சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டி, தோள்பையில் மரக்கிளையில் மாட்டுகிற எடைத் தராசு. அந்தத் தராசை மாட்டும்போது எனக்கே என்னைப் பார்த்தால் பெருமையாக இருக்கும்.

அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இருபது வயது இருக்கும். பாதி காய்ந்த, இன்னும் சுடாத பச்சைக் கற்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். பழைய நூல் புடவை ஒன்றை ஒரு தோளில் முடிச்சுப் போட்டு, மறுபக்கம் மாரோடு ஒட்டித் தொங்கவிட்டு, அதற்குள் தன் இரண்டு மாதப் பெண் குழந்தையைப் போட்டிருந்தாள். குனியும்போதெல்லாம் ஒரு கை தானாகப் போய்க் குழந்தையின் முதுகைத் தாங்கும். நான் அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே குழந்தை புடவைக்குள் பால் குடித்து முடித்துவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அழுகைச் சத்தமே இல்லை. எடை பார்த்தேன். நாலரை கிலோ. கன்னமும் தொடையும் மெத்து மெத்தென்று இருந்தன.

இதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வந்தேனா?

என் கண்ணில் பட்டதெல்லாம் புடவையில் இருந்த செம்மண்ணும், அவள் கழுத்தில் வழிந்த வியர்வையும்தான். எங்கள் வீட்டில் குழந்தையை வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைப்பார்கள். சும்மா சும்மா தூக்கினால் கைப்பழக்கம் ஆகிவிடும் என்பார்கள். பசிக்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் என் மண்டையில் நின்றது மணிக்கணக்கு மட்டும்.

“ஏம்மா, இப்படிக் கட்டிக்கினே வேலை செஞ்சா கொழந்தைக்கு மூச்சு முட்டாதா? அந்தப் புளியமரத்துல ஏணை கட்டிப் போடு. நேரத்துக்கு நேரம் எடுத்துப் பால் குடு. எப்பப் பாரு வாய்ல வச்சிக்கினு இருந்தா அதுக்கு வயிறு என்னத்துக்கு ஆவும்?” என்றேன்.

அவள் புடவை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நேரம்னா எப்படிம்மா தெரியும்? எங்கிட்ட கடியாரம் இல்லியே.”

அப்போது என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. அந்தச் சாலையில் ஓடியது ஒரே ஒரு டவுன் பஸ். போவதும் வருவதுமாகக் கிட்டத்தட்ட இரண்டரை மணிக்கு ஒருமுறை சூளையைத் தாண்டும். வளைவு என்பதால் டிரைவர் கட்டாயம் ஹாரன் அடிப்பார்.

“பஸ் ஹாரன் கேட்டா பால் குடு. அவ்வளவுதான். சுலபமா?”

பக்கத்தில் நின்ற சூளை மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். மாரில் குழந்தை இல்லாவிட்டால் வேலை வேகமாக நடக்குமே! “அப்படிச் சொல்லுங்க நர்ஸம்மா. நாங்க சொன்னா எங்க கேக்குதுங்க” என்றார். அவரே கயிறு கொண்டுவந்து, அவள் புடவையையே புளியமரத்தில் தூளி மாதிரி ஏணையாகக் கட்டிக் கொடுத்தார்.

அந்த மாதச் செவிலியர் கூட்டத்தில் இந்த பஸ் யோசனையை எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய செவிலியர் என் தோளில் தட்டிக் கொடுத்தார். திரும்பி வரும்போது சைக்கிளை நான் மிதித்த மாதிரியே இல்லை.

அடுத்த முறை போனபோது குழந்தையின் எடை கொஞ்சம்கூட ஏறவில்லை. சரி, வெயில் காலம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த முறை இருநூறு கிராம் குறைந்திருந்தது. அட்டையில் மேலே போய்க்கொண்டிருந்த கோடு, மடிந்து கீழே இறங்கியது. குழந்தையின் தொடையில் தோல் லேசாகத் தொளதொளத்திருந்தது. பயம் வந்தால் என் வாய் நீளும். அது என் குணம்.

“சர்க்கரைத் தண்ணி குடுத்தியா? கஞ்சித் தண்ணி ஊத்துனியா? உண்மையச் சொல்லு” என்று எல்லோர் எதிரிலும் அவளைப் பிடித்துக் கத்தினேன்.

“சத்தியமா ஒண்ணும் குடுக்கலம்மா. நீங்க சொன்னபடிதான் செய்யறேன்” என்றாள். நான் நம்பவில்லை. நான் சொன்னபடி செய்தால் குழந்தை எப்படி இளைக்கும் என்பதுதான் என் கணக்கு. நாலு நாளில் மறுபடி வருவேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் காலை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் அந்த டவுன் பஸ் சாலையோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஏதோ உடைந்துவிட்டதாம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மர நிழலில் உட்கார்ந்து டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மணி அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன். சூளைக்குள் நுழையும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது.

உள்ளே போகும் முன்பே அழுகை கேட்டது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன, விட்டு விட்டு வருகிற சத்தம். புளியமரத்தடியில் ஏணை தானாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். குழந்தையைத் தொடவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா நின்னுக்கினு இருக்கே? தூக்கேன்!” என்றேன்.

“இன்னும் பஸ்ஸு வரலியேம்மா” என்றாள்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த வரியை எழுதும்போது என் கை நிற்கிறது. பொய் சொல்கிறாள் என்று நான் நினைத்த பெண், என் வார்த்தையை ஒரு எழுத்துகூட விடாமல் கடைப்பிடித்திருக்கிறாள். பகல் முழுக்க, நடுவில் எத்தனை முறை அழுதாலும் கொடுக்கவில்லை. பஸ் தாமதமானால் குழந்தையும் காத்திருந்தது. பஸ் வரும்போது சில நாள் அது அழுது களைத்துத் தூங்கிப் போயிருக்கும். எழுப்பினாலும் இரண்டு வாய் இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். அது அவசரமாக வாய் வைத்தது, இழுத்துப் பார்த்தது, விட்டுவிட்டு மறுபடி அழுதது.

“இப்பல்லாம் மாருல பாலு கட்டறதே இல்லம்மா” என்றாள் மெதுவாக. “முன்ன மாரோட இருந்தப்ப அது அழுவவே அழுவாது. தலைய இப்படித் திருப்பும், வாயத் தேடும். எனக்கு ஒடம்புலயே தெரிஞ்சிடும். உடனே குடுத்துருவேன். இது ஏணைல கெடந்தா, அழுதாத்தான தெரியுது? அழுதாலும் பஸ்ஸு வரணுமே.”

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஒரு பச்சைக்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கல் நசுங்கும் என்று மேஸ்திரி கத்தியதுகூடக் காதில் விழவில்லை. குழந்தை அடிக்கடி குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். தாயையும் பிள்ளையையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த அந்தப் பழைய புடவையை அவிழ்க்கச் சொன்னதும் நான்தான்.

மேஸ்திரி பக்கத்தில் வந்தார். “டவுனுக்குப் போறவங்ககிட்ட டப்பா பாலு சொல்லி அனுப்பட்டுமா நர்ஸம்மா? ஜல்தியா முடிஞ்சிடும்” என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அங்கே இருந்த தண்ணீரில் பவுடரைக் கலந்து பாட்டிலில் கொடுத்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இப்போது குழந்தை மாரை விட்டால் அவளுக்குப் பால் அடியோடு வற்றிப்போகும் என்பதும் தெரியும்.

எழுந்தேன். சூளையில் இருந்த அத்தனை பெண்களும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைத் திட்டியதும் இவர்கள் எதிரில்தான்.

“நான் சொன்னது தப்பும்மா. நீ செஞ்சுக்கினு இருந்ததுதான் சரி. பழையபடி கட்டிக்க. பஸ்ஸ மறந்துடு” என்றேன். அதற்கு முன்னால் யாரிடமும் நான் தப்பு என்று சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. “நீங்கதான ஏணைல போடச் சொன்னீங்க? இப்ப நீங்களே மாத்திச் சொன்னா எப்படி? வேலை பேஜாராயிடுமே” என்றார்.

“நான் படிச்சிட்டுத் தப்பாச் சொன்னேன். நீங்க படிக்காமலே தப்பாச் சொல்லாதீங்க” என்றேன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அவள் ஏணையை அவிழ்த்து, புடவையை இரண்டு உதறு உதறி, கண்ணை மூடித் திறப்பதற்குள் தோளில் முடிச்சுப் போட்டுவிட்டாள். குழந்தையை உள்ளே விட்டதும் அதன் அழுகை விக்கலாகி, விக்கல் நின்று, கன்னம் அவள் மாரில் பதிந்தது. பால் வரவில்லை. ஆனாலும் குழந்தை வாயை எடுக்கவில்லை.

மறுநாள் இருவரையும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பரிசோதித்துவிட்டு வேறு நோய் எதுவும் இல்லை என்றார். கேட்கும்போதெல்லாம் கொடுக்கட்டும், அடிக்கடி எடை பார், ஏறவில்லை என்றால் உடனே கூட்டி வா என்றார். இளைத்தது எப்படி என்று கேட்டார். பஸ் கதையை நானே சொன்னேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் எந்த வேலையாக எந்தத் தெருவுக்குப் போவதாக இருந்தாலும் சைக்கிள் முதலில் சூளைப் பக்கம்தான் திரும்பும். “வந்துச்சா?” என்பேன். அவள் உதட்டைப் பிதுக்குவாள். மற்ற பெண்கள் அவள் பங்குக் கல்லையும் திருப்பி வைத்தார்கள். ஒருத்தி வறுத்த மல்லாட்டைக் கடலையும் வெல்லமும் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி வேளை தவறாமல் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். அவளோ முடிச்சை அவிழ்க்கவே இல்லை. நடந்தாலும் உட்கார்ந்தாலும் குழந்தை மாரோடேதான் இருந்தது. தலை திரும்பினால் போதும், உடனே கொடுத்துவிடுவாள்.

ஆறாம் நாள் நான் சைக்கிளை ஸ்டாண்டு போடும் முன்பே அவள் கையைக் காட்டி அழைத்தாள். “கிட்ட வாங்கம்மா. சத்தம் போடாதீங்க. கேளுங்க.” குனிந்து புடவையருகே காதை வைத்தேன். முடுக், முடுக் என்று குழந்தை விழுங்குகிற சத்தம். கடைவாயில் வெள்ளையாக ஒரு சொட்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முதல் முறையாக, நர்ஸைப் பார்த்து இல்லை, தோழியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

அடுத்த வாரம் தராசில் முள் நகர்ந்தது. அதற்கடுத்த முறை பழைய எடையைத் தாண்டிவிட்டது. மழைக்கு முன்னால் அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது அட்டையில் கோடு நன்றாக மேலே ஏறியிருந்தது. நடுவில் இருந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு முன்பே, அடுத்த மாதக் கூட்டத்தில் நானே எழுந்து, போன மாதம் நீங்கள் கை தட்டிய யோசனையை யாரும் செய்துவிடாதீர்கள் என்றேன். இந்த முறை கை தட்டல் இல்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

மறு வருடம் பொங்கல் முடிந்து சூளை ஆட்கள் வந்தார்கள். அந்த வெயில் காலத்துக்குள் எனக்கும் பெண் குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். துணை சுகாதார நிலையத்திலேயே உத்தரத்தில் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தேன். ஒரு நாள் மாதக் கடைசி அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும்போது குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. “இருடி கண்ணு, இன்னும் நாலு வரிதான்” என்று சொல்லிக்கொண்டே எழுதினேன். சிணுங்கல் அழுகையானது. நாலு வரி எட்டு வரியானது.

வாசலில் நிழல் ஆடியது. அவள்தான். தத்தித் தத்தி நடக்கிற தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தடுப்பூசிக்கு வந்திருந்தாள். அழுகிற ஏணையைப் பார்த்தாள். பேனாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.

“ஏம்மா,” என்றாள், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, “பஸ்ஸு இன்னும் வரலியா?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டு வந்தது. அவளும் சிரித்தாள். கொடியில் காய்ந்த என் பழைய புடவையை எடுத்து என் தோளில் முடிச்சுப் போட்டு, குழந்தையை உள்ளே விட்டு, முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மீதி அறிக்கையை அப்படியேதான் எழுதி முடித்தேன். மகள் என் மாரில் குடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

அதன் பிறகு விழுப்புரம் பக்கம் மாற்றலாகிப் பல வருடம் வேலை பார்த்தேன். எத்தனையோ தாய்மார்களுக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் யோசனை சொல்ல வாயைத் திறக்கும்போது, எங்கோ வளைவில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடிப்பது எனக்குக் கேட்கும், உடனே வாயை மூடிக்கொண்டு, “நீ எப்படிம்மா பண்ணிக்கினு இருக்கே?” என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.